பழைய மேனுவல் லென்ஸை புது டிஎஸ்எல்ஆர்ல மாட்டறது எப்படி? காசு போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

காவேரிப்பட்டணத்துல எங்க பெரியப்பா ரொம்ப வருஷம் ஸ்டூடியோ வச்சிருந்தாரு. கடையை காலி பண்ணப்போ ஒரு பழைய பிஸ்கட் டின்னுல மூணு லென்ஸ் போட்டு என் கையில குடுத்து, "தம்பி, கண்ணாடி எல்லாம் நல்ல கண்ணாடி, உன் புது மிஷின்ல சேருமான்னு பாரு"ன்னாரு. நான் அப்பதான் கேனான் 1500டி வாங்கியிருந்தேன், கூட வந்த கிட் லென்ஸ்ல மண்டபத்துக்குள்ள எடுத்தா வெளிச்சம் பத்தாம படம் எல்லாம் இருட்டடிச்சு கெடந்துச்சு. இந்த மூணும் எஃப்2, எஃப்1.9, எஃப்1.7ன்னு நல்லா திறக்கற லென்ஸ் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகமா உள்ள வரும்), சந்தோஷத்துல அன்னிக்கு ராத்திரியே போன்ல தேடி கண்ணுல பட்ட அடாப்டரை (பழைய லென்ஸுக்கும் புது கேமராவுக்கும் நடுவுல போடற வளையம்) ஆர்டர் போட்டுட்டேன். அங்க ஆரம்பிச்சது. மூணு லென்ஸ்ல ரெண்டை ஒழுங்கா வேலை செய்ய வைக்கறதுக்கு எனக்கு ரெண்டரை மாசமும் நாலாயிரத்துக்கு மேல காசும் ஆச்சு. சரியான வரிசையில செஞ்சிருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும், செலவும் கொஞ்சம் கம்மியாகியிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதையெல்லாம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க ஆள் கெடைக்கறது கஷ்டம், அதனாலதான் எழுதறேன். நான் செஞ்ச வரிசை வேற, நீங்க செய்யவேண்டிய வரிசை கீழ இருக்கறது.

1. முதல்ல உங்க லென்ஸ் என்ன மவுண்ட்டுன்னு கண்டுபிடிங்க

மவுண்ட்னா லென்ஸ் கேமரா பாடியில மாட்டற பின்பக்க அமைப்பு. லென்ஸ் மேல எழுதியிருக்கற கம்பெனி பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பின்பக்கத்தை திருப்பிப் பாருங்க.

பாட்டில் மூடி மாதிரி மரை இருந்தா அது பெரும்பாலும் எம்42. ஜெனிட், ப்ராக்டிகா, பழைய பென்டாக்ஸ் டக்குமார் எல்லாம் இதுதான். ஸ்கேல் வச்சு மரையோட வெளி விட்டத்தை அளந்து பாருங்க, 42 எம்எம் இருக்கணும். 39 எம்எம்தான் வருதுன்னா அது வேற. அதுலயும் ரெண்டு ஜாதி இருக்கு, ரொம்ப பழைய ஜெனிட் லென்ஸா இருந்தா 39ல இருந்து 42க்கு மாத்தற ஒரு சின்ன வளையம் போட்டு ஓட்டிக்கலாம், ஆனா ஃபெட், ஜோர்க்கி கேமராவுல வந்த லென்ஸா இருந்தா டிஎஸ்எல்ஆர்ல தூரத்துல இருக்கறது எதுவுமே ஃபோகஸ் ஆகாது, அதை விட்டுடுங்க.

மரை இல்லாம மூணு காது வச்சு திருப்பி மாட்டற மாதிரி இருந்தா பயோனெட். இங்க நம்ம ஊர் ஸ்டூடியோக்கள்ல அதிகம் இருந்தது பென்டாக்ஸ் கே1000, விவிடார் வி3800, ரிக்கோ (இதெல்லாம் பென்டாக்ஸ் கே மவுண்ட்), யாஷிகா எஃப்எக்ஸ்-3 (இது கான்டாக்ஸ்/யாஷிகா மவுண்ட்), நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10. நிக்கான்ல அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற துளை) வளையத்து மேல முயல் காது மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு நிறைய லென்ஸ்ல இருக்கும். மினோல்டான்னா எம்டி இல்லாட்டி எம்சி ரொக்கோர்னு முன்னாடி எழுதியிருக்கும். ஒலிம்பஸ்னா ஓஎம் சிஸ்டம்னு இருக்கும்.

லென்ஸ் மாட்டியிருந்த பழைய பாடி வீட்டுல இருந்தா ரொம்ப நல்லது, அந்த மாடல் பேரைத் தேடினாலே மவுண்ட் தெரிஞ்சிடும். என்கிட்ட இருந்தது ஜெனிட்ல வந்த ஹெலியோஸ் 44-2 (58 எம்எம் எஃப்2), யாஷிகா 50 எம்எம் எஃப்1.9, மினோல்டா எம்டி 50 எம்எம் எஃப்1.7.

2. அந்த மவுண்ட் உங்க பாடிக்கு ஒத்துவருமான்னு கணக்கு போடுங்க

இந்த இடத்தை மட்டும் பொறுமையா படிங்க, என்னோட முதல் 850 ரூபாய் போனது இங்கதான்.

லென்ஸ் பாடியில வந்து உக்கார்ற உலோக வளையத்துல இருந்து சென்சார் வரைக்கும் ஒரு தூரம் இருக்கு, ஒவ்வொரு கம்பெனிக்கும் அது மாறும். லென்ஸ் எந்த தூரத்துக்கு செஞ்சதோ அதே தூரத்துல உக்காந்தாத்தான் மலை, நிலா, தூரத்து ஆளுன்னு எல்லாத்துலயும் ஃபோகஸ் நிக்கும். அதைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னாடி தள்ளி உக்காந்தாலும் கிட்டத்துல இருக்கறது மட்டும்தான் தெளிவா வரும், தூரமா இருக்கறது எல்லாம் மங்கல்தான்.

கேனான் இஓஎஸ் டிஎஸ்எல்ஆர் பாடிக்கு இந்த தூரம் 44 எம்எம். நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 46.5. இப்ப பழைய லென்ஸ் கணக்கு பாருங்க: எம்42வும் பென்டாக்ஸ் கேவும் 45.46, யாஷிகா 45.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, நிக்கான் 46.5, மினோல்டா 43.5, பழைய கேனான் எஃப்டி 42. லென்ஸோட நம்பர் பாடியோட நம்பரைவிட பெருசா இருக்கணும், அந்த வித்தியாசம்தான் அடாப்டரோட தடிமன். அவ்வளவுதான் கணக்கு.

அப்ப கேனான் பாடி வச்சிருக்கவங்களுக்கு எம்42, யாஷிகா, ஒலிம்பஸ், நிக்கான் எல்லாம் தாராளமா சேரும். பென்டாக்ஸ் கேயும் சேரும், ஆனா சில லென்ஸ்ல பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற லீவர் உள்ள இடிக்கும், அதை மட்டும் பார்த்துக்கணும். மினோல்டாவும் எஃப்டியும் சேராது. பழைய கேனான் லென்ஸ் புது கேனான் பாடியில சேராதுன்னா நம்ப கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அதுதான் உண்மை.

என் மினோல்டாவுக்கு நான் வாங்கின அடாப்டர் மாட்டி பார்த்தேன், நாலஞ்சு அடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே ஃபோகஸ் ஆகல. லென்ஸ்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ரெண்டு வாரம் அதை ரிப்பேருக்கு குடுக்க ஆள் தேடிட்டு இருந்தேன், லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. நடுவுல ஒரு கண்ணாடி வச்ச அடாப்டர் விக்கறாங்க, அது போட்டா தூரம் ஃபோகஸ் ஆகும், ஆனா மலிவு கண்ணாடி நடுவுல வந்து உக்கார்றதால படம் சோப்பு தண்ணி மாதிரி ஆயிடும், முக்கியமா முழுசா திறந்து வச்சு எடுக்கும்போது. நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கவங்க, பழைய நிக்கான் லென்ஸ் மட்டும் தேடுங்க. 46.5ங்கறது பெரிய நம்பர், எம்42 கூட கண்ணாடி இல்லாம தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் (உள்ள மிரர் இல்லாத கேமரா) வச்சிருக்கவங்களுக்கு இந்த கவலையே இல்ல, அவங்க பாடியில அந்த தூரம் ரொம்ப கம்மி, கிட்டத்தட்ட எல்லா பழைய லென்ஸும் சேரும்.

3. நிக்கான்காரங்களுக்கு மட்டும்: 1977க்கு முந்தின லென்ஸ்ல ஜாக்கிரதை

நிக்கான் 1977ல ஏஐன்னு ஒரு முறைக்கு மாறுச்சு. அதுக்கு முந்தின லென்ஸை டி7000, டி7200, டி610, டி750 மாதிரி பாடியில அப்படியே திருப்பி மாட்டினா மவுண்ட் ஓரத்துல இருக்கற சின்ன பிளாஸ்டிக் லீவர் உடைஞ்சு போயிடும். இது நிஜமான சேதம், கீழ விழுந்து உடைஞ்ச மாதிரி கணக்குல எடுத்துப்பாங்க, வாரண்டியில வராது. ஏஐ லென்ஸ்னா அப்பர்ச்சர் நம்பர் ரெண்டு வரிசையா இருக்கும், பெருசா ஒண்ணு, அதுக்கு கீழ மவுண்ட்டை ஒட்டி பொடியா ஒண்ணு. அந்த முயல் காதுலயும் ஓட்டை விட்டிருக்கும். காது கெட்டியா ஓட்டை இல்லாம, நம்பரும் ஒரே வரிசையா இருந்தா மாட்டாம நிறுத்துங்க, உங்க பாடியோட மேனுவல் புத்தகத்துல லென்ஸ் பட்டியல்ல பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

4. டார்ச் அடிச்சு கண்ணாடியைப் பாருங்க

அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும், நான் வாங்கினதுக்கு அப்புறம் செஞ்சேன்.

ராத்திரி ரூம்ல லைட்டை நிறுத்திட்டு, அப்பர்ச்சரை முழுசா திறந்து வச்சு, போன் டார்ச்சை பின்பக்கம் சாய்வா பிடிச்சு முன்பக்கம் இருந்து பாருங்க, அப்புறம் மாத்திப் பிடிச்சு பாருங்க. நேரா அடிச்சா கண்ணு கூசும், ஒண்ணும் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டு இருந்தா பூஞ்சை. பூரா பால் ஊத்தின மாதிரி மங்கலா இருந்தா ஹேஸ், இது பெரும்பாலும் கழட்டி துடைச்சாலே போயிடும். ஓரத்துல வானவில் கலர்ல வளையம் தெரிஞ்சா ரெண்டு கண்ணாடியை ஒட்டியிருக்கற பசை விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அதை சரி பண்றது செலவுக்கு கட்டாது, விலைக்கு வாங்கறதா இருந்தா அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. நாலஞ்சு தூசி, ஒரு சின்ன காத்துக் குமிழ், முன்கண்ணாடியில ஒரு மெல்லிசான கீறல் இதெல்லாம் படத்துல தெரியாது, அதுக்காக நல்ல லென்ஸை ஒதுக்காதீங்க. பின் கண்ணாடியில கீறல் இருந்தா மட்டும் யோசிங்க, அது படத்துல தெரிய வாய்ப்பு அதிகம்.

கண்ணாடி மஞ்சளா இருக்குதேன்னு பயந்து தூக்கிப்போடாதீங்க. சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப்1.4 மாதிரி சில பழைய லென்ஸ்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கு, வருஷக்கணக்குல அது பழுத்து மஞ்சளாகும், புற ஊதா லைட்ல பல நாள் வச்சா நல்லாவே தெளியும்.

அடுத்தது அப்பர்ச்சர் பிளேடு, அந்தத் துளையை மூடற தகடு. வளையத்தை எஃப்16க்கு கொண்டுபோங்க, பிளேடு மேல எண்ணெய் பளபளக்குதான்னு பாருங்க. இதுக்கு நிறைய பேர் பயப்படறாங்க. ஹெலியோஸ் 44-2 மாதிரி கையால திறந்து மூடற லென்ஸ்ல எண்ணெய் இருந்தா பெரிய பிரச்சனை கிடையாது, ஏன்னா பிளேடு வேகமா மூடவேண்டிய அவசியமே இல்ல. நிக்கான் லென்ஸை நிக்கான் பாடியில போடும்போதுதான் படம் எடுக்கற அந்த நொடியில டக்குன்னு மூடணும், எண்ணெய் இருந்தா மெதுவா மூடி படம் வெளுத்துப் போயிடும்.

ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தா உள்ள கிரீஸ் காஞ்சிருக்கு. சுத்தவே முடியலைன்னா பலம் போட்டு திருப்பாதீங்க, ஸ்டாப்பர் ஸ்க்ரூ உடையும்.

என் யாஷிகாவுல நல்லா படர்ந்த பூஞ்சை இருந்துச்சு. அதை மொட்டை மாடியில வெயில்ல வச்சு எடுத்தா போயிடும்னு சிலர் சொன்னாங்க, நானும் ரெண்டு நாள் வச்சேன். பூஞ்சை அப்படியேதான் இருந்துச்சு, சூட்டுல கிரீஸ் இளகி பிளேடுக்கு வந்ததுதான் மிச்சம்.

5. சர்வீஸுக்கு குடுக்கறதா இருந்தா: பேப்பர், செலவு, நாள்

எனக்கு விசாரிச்ச வரைக்கும் மேனுவல் லென்ஸை கழட்டி துடைக்கற ஆளுங்க கிருஷ்ணகிரியில கெடைக்கல, பெங்களூருக்குத்தான் போனேன். சேலம் பக்கம் இருக்கறவங்க அங்கயும் விசாரிச்சு பாருங்க. காலையில பஸ் ஏறினா போயிட்டு அன்னிக்கே திரும்பிடலாம், ஆனா குடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவைன்னு ரெண்டு நாள் வேலை போகும், அதையும் செலவுல சேர்த்துக்கோங்க.

முதல்ல குடுத்த ஒரு கடையில சீட்டு எதுவும் தரல, "நாலு நாள்ல வாங்க"ன்னாங்க, நாலு வாரம் ஆச்சு. திரும்பி வந்தப்போ ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ஞ்சு, பேர் எழுதின வளையத்துல கீறல், பூஞ்சை பாதி அப்படியே. கேட்டா "நீங்க குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னாங்க, என்கிட்ட போட்டோவும் இல்ல சீட்டும் இல்ல, பேச வாய் இல்லாம போச்சு. ரெண்டாவது ஒரு பெரியவர்கிட்ட குடுத்து 1,500 ரூபாய்க்கு சுத்தமா பண்ணி வாங்கினேன், பத்து நாள் ஆச்சு.

அதனால குடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் செஞ்சிடுங்க. முன்பக்கம், பின்பக்கம், ஸ்க்ரூக்கள், டார்ச் வெளிச்சத்துல உள்பக்கம்னு போன்ல அஞ்சாறு போட்டோ. லென்ஸ் மேல இருக்கற சீரியல் நம்பரை எழுதி வச்சு, ஜாப் கார்டுல (கடையில தர்ற சீட்டு) அந்த நம்பரோட எழுதி வாங்கணும். என்ன வேலை, எவ்வளவு ரூபாய், என்னிக்கு திரும்ப தருவாங்க, மூணும் அதுல இருக்கணும். கழட்டிப் பார்த்துட்டு செய்ய முடியலைன்னா எவ்வளவு வாங்குவீங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, சும்மா பார்க்கறதுக்கே காசு வாங்கற இடம் உண்டு.

பூஞ்சை ரொம்ப நாள் இருந்து கண்ணாடி மேல பூசியிருக்கற கோட்டிங்கை தின்னுருந்தா சுத்தம் பண்ணாலும் தடம் இருக்கும், அதுக்கு கடைக்காரரை குறை சொல்ல முடியாது. லென்ஸை 2,000 ரூபாய்க்கு வாங்கிட்டு 2,500 ரூபாய்க்கு சர்வீஸ் பண்றது எனக்கு சரியாப் படல. வீட்டு லென்ஸ், பெரியவங்க வச்சிருந்த பொருள்னா அது வேற.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க விக்கறவர்கிட்ட ஒரு வெள்ளைப் பேப்பர்லயாவது பேர், தேதி, தொகை, சீரியல் நம்பர் எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. திருட்டுப் பொருளா இருந்து நாளைக்கு யாராவது கேட்டு வந்தா அந்தப் பேப்பர் ஒண்ணுதான் உங்களுக்கு துணை. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறதா இருந்தா, போட்டிருக்கற விலையோட கஸ்டம்ஸ் வரியும் சேரும், பார்சல் வந்து சேர எத்தனை வாரம்னு சொல்ல முடியாது.

6. இப்ப அடாப்டர் வாங்குங்க

சாதாரண எம்42 அடாப்டர் நான் 650 ரூபாய்க்கு வாங்கினேன், யாஷிகாவுக்கு 900. அஞ்சாறு நாள்ல வீட்டுக்கு வந்துடுச்சு. திருப்பி அனுப்ப வசதி இருக்கற இடத்துல வாங்குங்க, பில்லை போன்ல போட்டோ எடுத்து வைங்க. அலுமினியத்தைவிட பித்தளையில செஞ்சது நல்லா உழைக்கும், விலை கொஞ்சம் கூட.

எம்42ல ஒரு விஷயம் கவனிக்கணும். பல லென்ஸோட பின்னாடி ஒரு சின்ன ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும், அதை அழுத்தினாத்தான் அப்பர்ச்சர் மூடும். லென்ஸ் பக்கவாட்டுல ஏ/எம்னு ஒரு சுவிட்ச் இருந்தா எம்ல வச்சிட்டா போதும். சுவிட்ச் இல்லாத லென்ஸ்னா உள்பக்கம் விளிம்பு வச்ச அடாப்டர் வாங்கணும், அந்த விளிம்பு ஊசியை அழுத்தி வச்சுக்கும். ஹெலியோஸ் 44-2ல ஊசியே கிடையாது, எந்த அடாப்டரும் போதும்.

சிப் வச்ச அடாப்டர்னு ஒண்ணு கூடுதல் விலைக்கு வரும், ஃபோகஸ் ஆனதும் பீப் அடிக்கும், சிவப்பு புள்ளி மின்னும். உதவியாத்தான் இருக்கும், ஆனா எஃப்2ல எடுக்கும்போது அந்த பீப்பை மட்டும் நம்பினா கண்ணுக்கு பதிலா காது தெளிவா இருக்கும். முதல் தடவை வாங்கறவங்க சிப் இல்லாததே வாங்குங்க.

வந்ததும் நேரா பாடியில மாட்டாதீங்க. மலிவு அடாப்டர்ல மரை வெட்டின உலோகத் துகள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது சென்சார் மேல விழுந்தா பெரிய செலவு. பழைய டூத் பிரஷ்ல சோப்பு தண்ணி போட்டு தேய்ச்சு, நல்லா காயவச்சு, துணியால துடைச்சு அப்புறம் மாட்டுங்க.

7. முதல் தடவை மாட்டும்போது

ஃபேனை நிறுத்திடுங்க. அடாப்டரை முதல்ல லென்ஸ்ல மாட்டி, அப்புறம் ரெண்டையும் சேர்த்து பாடியில மாட்டுங்க, பாடி வாய் கீழ பார்த்த மாதிரி இருக்கட்டும். இறுக்கிட்டா சிலசமயம் கழட்ட வராது, அப்ப பாட்டில் மூடி திறக்கற ரப்பர் துணி வச்சு பிடிச்சு திருப்பினா வந்துடும்.

அடுத்தது கண்ணாடி இடிக்குதான்னு பார்க்கணும், நான் சொல்றது பாடிக்குள்ள மேல கீழ போயிட்டு வர்ற மிரர். சில லென்ஸ் பின்பக்கம் நீட்டா இருக்கும், தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணும்போது இன்னும் உள்ள போயி மிரர்ல இடிக்கும். 1500டி மாதிரி க்ராப் பாடியில (சின்ன சென்சார்) மிரர் சின்னது, பெரும்பாலும் பிரச்சனை வராது. ஃபுல் ஃபிரேம்ல (ஃபிலிம் அளவு சென்சார்) வரலாம். ஃபோகஸை கிட்டத்துல வச்சு ஒரு படம் எடுங்க, கொஞ்சம் கொஞ்சமா தூரத்துக்கு கொண்டுபோயி ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுங்க. சத்தம் மாறினாலோ, எரர் வந்தாலோ, மிரர் மேலயே நின்னுட்டாலோ நிறுத்திட்டு ஃபோகஸ் வளையத்தை கிட்டத்துக்கு திருப்புங்க, இறங்கிடும்.

அப்புறம் தூரத்து ஃபோகஸ் சரியா நிக்குதான்னு சோதிங்க. கிருஷ்ணகிரியில இருந்தா சையத் பாஷா மலை உச்சியில இருக்கற கோட்டைச் சுவர், தருமபுரியில இருந்தா வத்தல்மலை விளிம்பு, இல்லாட்டி ராத்திரி நிலா. வளையத்தை கடைசி வரைக்கும் திருப்பி லைவ் வியூல (பின்பக்க திரையில) பெருசாக்கிப் பாருங்க. கடைசிக்கு ஒரு துளி முன்னாடியே தெளிவாச்சுன்னா நல்லது, அடாப்டர் கொஞ்சம் மெல்லிசு, பரவாயில்ல. கடைசி வரைக்கும் போயும் தெளிவாகலைன்னா அடாப்டர் தடிமன் ஜாஸ்தி, திருப்பி அனுப்புங்க, அதுக்குத்தான் பில்லு.

8. கேமரா செட்டிங்

கேனான்ல வேலை சுலபம். ஏவி இல்லாட்டி எம் (எல்லாமே கையால) மோட்ல வைங்க. அப்பர்ச்சர் இடத்துல 00ன்னு காட்டும், பயப்படாதீங்க, லென்ஸ்கூட பாடிக்கு பேச்சு இல்லைன்னு அர்த்தம். அப்பர்ச்சரை லென்ஸ் வளையத்துல நீங்க மாத்தணும், ஏவி மோட்ல ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கும். எஃப்8, எஃப்11ன்னு மூட மூட வியூஃபைண்டர் வழியா பார்க்கற வெளிச்ச மீட்டர் கொஞ்சம் தப்பா சொல்லும், லைவ் வியூல மீட்டர் பண்ணா ஒழுங்கா வரும். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தோட இருட்டு, வெளிச்சத்தைக் காட்டற வரைபடம்) பார்த்து, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல வெளிச்சத்தை ஏத்தி இறக்கிக்கோங்க, ரெண்டு நாள்ல உங்க லென்ஸோட குணம் கைக்கு வந்துடும்.

ஹெலியோஸ் 44-2ல ரெண்டு வளையம் இருக்கும். ஒண்ணு டிக் டிக்னு நின்னு நின்னு போகும், அதுல எஃப்5.6 வச்சா அதுதான் எல்லை. இன்னொண்ணு வழுக்கிட்டு போகும், அதைத் திருப்பினா முழுசா திறக்கும், மறுபடி திருப்பினா நீங்க வச்ச 5.6ல போய் நிக்கும். திறந்து வச்சு ஃபோகஸ் பண்ணி, கண்ணை எடுக்காம மூடி, எடுக்கணும். இது புரியாம நான் முதல் வாரம் எடுத்த எல்லாமே எஃப்2லயே எடுத்துட்டு, வளையம் திருப்பியும் ஏன் மாறலைன்னு குழம்பிட்டு இருந்தேன்.

நிக்கான்ல டி3500, டி5600 மாதிரி பாடியில பழைய லென்ஸுக்கு மீட்டர் வேலை செய்யாது, எம் மோட் தவிர மத்ததுல ஷட்டரே அடிக்காது. எடுத்துப் பார்த்து சரி பண்ணிக்கணும், இல்லாட்டி போன்ல லைட் மீட்டர் ஆப் வச்சுக்கலாம். டி7200, டி610, டி750 மாதிரி பாடியில மெனுல நான்-சிபியு லென்ஸ் டேட்டான்னு (சிப் இல்லாத லென்ஸோட விவரம்) இருக்கும், ஃபோகல் லெங்த்தும் அதிகபட்ச அப்பர்ச்சரும் போட்டு வச்சா ஏ மோட்லயும் (கேனான் ஏவி மாதிரி) மீட்டர் ஒழுங்கா ஓடும், ஒன்பது லென்ஸ் வரைக்கும் பதிஞ்சு வைக்கலாம். ஆனா டி7500ல, மூணாவதுல சொன்ன அந்த மவுண்ட் ஓரத்து லீவரை எடுத்துட்டாங்க, டி7200 பார்த்துட்டு அதுலயும் வரும்னு நெனச்சு வாங்கிடாதீங்க.

ஃப்ளாஷ் போடறதா இருந்தா ஆட்டோவை நம்பாம மேனுவல் பவர்ல வைங்க. கேனான்ல எந்த படத்தை என்ன அப்பர்ச்சர்ல எடுத்தீங்கன்னு ஃபைல்ல பதியாது, கத்துக்கற காலத்துல போன்ல குறிச்சு வச்சுக்கோங்க.

9. ஃபோகஸ் பண்ணப் பழகறது

இதுக்குத்தான் அதிக நாள் ஆகும், எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

முதல்ல வியூஃபைண்டர் பக்கத்துல இருக்கற சின்ன சக்கரத்தை உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பி உள்ள தெரியற எழுத்து தெளிவாகற வரைக்கும் வைங்க. இதைச் செய்யாம லென்ஸ் சரியில்லைன்னு சொல்றவங்க நிறைய.

அடுத்தது, இப்ப வர்ற பாடியோட ஃபோகஸிங் ஸ்க்ரீன் கிட் லென்ஸுக்காக செஞ்சது. எஃப்2ல திறந்து வச்சாலும் உள்ள பார்க்கும்போது எஃப்2.8, எஃப்4 மாதிரி ஆழமா காட்டும், நமக்கு தெளிவா தெரியும், படத்துல மூக்கு தெளிவா கண்ணு மங்கலா இருக்கும். அதனால திறந்து எடுக்கும்போது லைவ் வியூ போட்டு ஜூம் பட்டனை அழுத்தி 5 மடங்கு, 10 மடங்கு பெருசாக்கி ஃபோகஸ் பண்ணுங்க. 1500டில முகம் தேடற மோட்ல இருந்தா பெருசாகாது, ஃப்ளெக்ஸிசோன் சிங்கிளுக்கு மாத்திடுங்க. பேட்டரி சீக்கிரம் இறங்கும், கூட ஒண்ணு வச்சுக்கோங்க.

பாடிக்குள்ள ஆட்டத்தை அடக்கற வசதி கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல கிடையாது. க்ராப் பாடியில 58 எம்எம்முக்கு ஷட்டர் வேகம் 1/100க்கு கீழ போகாதீங்க, 135 எம்எம்னா 1/250. ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை வாங்கற அளவு) ஏறினாலும் பரவாயில்ல, புள்ளி புள்ளியா இருக்கற படத்தை பார்க்கலாம், ஆடின படத்தை ஒண்ணும் செய்ய முடியாது.

ஓடறதை எடுக்கணும்னா, உதாரணத்துக்கு பொங்கல் முடிஞ்சு நம்ம பக்கம் நடக்கற எருது விடும் விழா, அங்க ஒவ்வொண்ணுக்கும் ஃபோகஸ் பண்ணிட்டு இருக்க முடியாது. எஃப்8ல வச்சு, ஃபோகஸை 5 மீட்டர்ல நிறுத்திடுங்க. 58 எம்எம்ல சுமாரா 4 மீட்டர்ல இருந்து 6.4 மீட்டர் வரைக்கும் தெளிவா வரும், மாடு அந்த இடத்துக்குள்ள வரும்போது அழுத்தினா போதும். லென்ஸ் மேல இருக்கற ஆழக் கோடு (எங்க இருந்து எங்க வரைக்கும் தெளிவா வரும்னு காட்டற கோடு) ஃபிலிம் கணக்குக்கு போட்டது, க்ராப் பாடியில ஒரு ஸ்டாப் குறைச்சு படிங்க, எஃப்8 வச்சிருந்தா எஃப்5.6 கோட்டைப் பாருங்க. தடுப்புக்கு வெளிய நின்னு எடுங்க, 5 மீட்டர் கணக்கை நெனச்சுட்டு உள்ள இறங்கிடாதீங்க.

10. வெளிய கொண்டுபோகும்போது

பழைய கோட்டிங் எதிர் வெயிலைத் தாங்காது, படம் பூரா வெளுத்துடும். ஒரு ஹூட் (முன்னாடி மாட்டி வெயிலை மறைக்கற வளையம்) வாங்கிக்கோங்க, ஹெலியோஸ் 44-2க்கு 49 எம்எம் மரை, இருநூறு ரூபாய்க்குள்ள கெடைச்சது. தை, மாசியில மாந்தோப்புல பூ எடுக்கப் போனா இந்த லென்ஸை அரை மீட்டர் வரைக்கும் கிட்ட கொண்டுபோகலாம், பின்னாடி இலை இடுக்குல வெளிச்சம் வர்ற மாதிரி நின்னு எஃப்2ல எடுத்தீங்கன்னா பின்பக்கம் சுழல் மாதிரி வரும், கிட் லென்ஸ்ல அது வராது. க்ராப் பாடியில ஓரம் வெட்டுப்படறதால சுழல் கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும்.

ஒகேனக்கல்ல பரிசல்ல ஏறும்போது இந்த லென்ஸை வெளிய எடுக்காதீங்க. சாரல் உள்ள போக எத்தனையோ வழி இருக்கு, அடாப்டர் இடுக்கும் அதுல ஒண்ணு. பாலத்து மேல தள்ளி நின்னு எடுத்துட்டு, துடைச்சு, காத்தாட வச்சு, அப்புறம் பையில போடுங்க. கிரானைட் லாரி போற ரோட்டோரம் நின்னு லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க, அந்தத் தூசி சென்சார்ல ஒட்டினா ஊதினா போகாது.

11. வைக்கற இடம்

லெதர் கவர்ல போட்டு பீரோவுல வைக்கற பழக்கத்தை விடுங்க, பெரியப்பாவோட யாஷிகாவுக்கு பூஞ்சை வந்தது அந்த லெதர் கவர்லதான். காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள கலர் மாறற சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், எல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய் ஆச்சு. மீட்டர் 40ல இருந்து 50க்குள்ள இருக்கணும். ரொம்ப கீழ போனாலும் கிரீஸ் காஞ்சிடும். அரிசிக்குள்ள போட்டு வைக்கச் சொல்லுவாங்க, மாவுத் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள்ள போயிடும், வேணாம். ஐப்பசி, கார்த்திகை மழையில வாரம் ஒரு தடவை டப்பாவைத் திறந்து பாருங்க, சிலிகா ஜெல் நீலத்துல இருந்து ரோஸ் ஆயிருந்தா, ஆரஞ்சுல இருந்து பச்சை ஆயிருந்தா, வெறும் வாணலியில சிறு தீயில கலர் திரும்பற வரைக்கும் சூடாக்கி, நல்லா ஆறவிட்டு மறுபடி உள்ள வைங்க. அந்த வாணலியை திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க.